யார் மலாய்க்காரர்? சமயமும் இனமும் சட்டமும்

மலாய்க்காரர் என்பவர் யார் என்று மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு சொல்கிறது. அவர் இஸ்லாமியச் சமயத்தைப் பின்பற்ற வேண்டும். வழக்கமாக மலாய் மொழி பேச வேண்டும். மலாய் மரபுகளின்படி நடக்க வேண்டும். இவற்றோடு, 1957இல் விடுதலை நாளுக்கு முன்பு அவரோ பெற்றோரில் ஒருவரோ மலாயாவில் அல்லது சிங்கப்பூரில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அந்நாளில் அங்கே நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையேல் அப்படிப்பட்ட ஒருவரின் வாரிசாக இருக்க வேண்டும். மலாய் இரத்தம், மலாய்க் குலம் பற்றி ஒரு சொல்லும் அந்த விளக்கத்தில் கிடையாது. ஓர் இனத்துக்கு எழுதப்பட்ட இலக்கணத்தில் முதல் நிபந்தனையாகச் சமயம் நிற்கிறது.

அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் வரும் விளைவுகள் விநோதமானவை. பினாங்கில் 1940களில் பிறந்து, வீட்டில் மலாய் பேசி, மலாய் முறைப்படி பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைத்த ஒரு தமிழ் முஸ்லிம், சட்டத்தின் கண்ணில் மலாய்க்காரராகத் தகுதி பெறுகிறார். பத்துத் தலைமுறையாகக் கிளந்தானில் நெல் விதைத்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் இஸ்லாத்தை விட்டு விலகினால், அந்தத் தகுதியை இழக்கிறார். முன்னவர் உள்ளே வரலாம். பின்னவர் வெளியே போவது எவ்வளவு கடினம் என்பதை நீதிமன்றத் தீர்ப்புகள் காட்டுகின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலாய்க்காரர் என்றாலே முஸ்லிம்தான் என்பது மலேசியாவில் இன்று இயல்பான உண்மையாகத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலாய் மக்களின் இஸ்லாமியப் பற்று ஆழமானது, பழமையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பற்று ஓர் இனத்தின் சட்டபூர்வமான எல்லையாக மாறியதற்குக் காரணம் மார்க்கம் அல்ல. நிலத்தையும் ஆட்சிமன்ற இடங்களையும் சலுகைகளையும் பங்கிட முனைந்த அரசுகள்தான் அந்தக் கோட்டைப் போட்டன. அதற்கான விலையை அதிகம் கொடுத்தவர்கள் ஓரத்தில் நின்றவர்கள். அவர்களில் தமிழ் முஸ்லிம்களும் உண்டு.

15ஆம் நூற்றாண்டு மலாக்காவிலிருந்து தொடங்குவோம். அங்கே மெலாயு என்ற பெயர் முதலில் ஓர் அரச வம்சத்தையும் அதன் குடிகளையும் குறித்தது. மலாக்கா மன்னர்கள் அந்த நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். துறைமுகத்தில் குஜராத்தியரும் அரபியரும் சாவகரும் சோழமண்டலக் கரையிலிருந்து போன வணிகர்களும் கூடினார்கள். அரசரின் குடையின் கீழ் வந்து, அவருடைய மொழியைப் பேசி, அவருடைய சமயத்தை ஏற்றவர் காலப்போக்கில் மெலாயு ஆனார். செஜாரா மெலாயு என்ற மலாய் அரச வரலாற்றில் மணி புரிந்தான் என்பவர் வருகிறார்: இந்தியாவிலிருந்து வந்தவர், மலாக்காவின் பெருங்குடியில் பெண் எடுத்தவர். அவர் வழியில் வந்த துன் முத்தாகிர், சுல்தானுக்கு அடுத்த பதவியான பெண்டகாராவாக இருந்தார். 1510இல் அவரைச் சுல்தான் மகமூது கொல்வித்தபோது குற்றச்சாட்டு அரியணைக்கு ஆசைப்பட்டார் என்பது. அந்நியர் என்பது அல்ல.

இஸ்லாத்தைத் தழுவுவதை மலாயில் நெடுங்காலம் ‘மாசோக் மெலாயு’ என்றே சொன்னார்கள். மலாய் இனத்துக்குள் புகுவது என்று பொருள். சேர்ப்பதற்கு ஏற்பட்ட வழக்கம் அது. சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் இதுவே நடந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து முஸ்லிமான பத்தாக் மக்கள் பலர், ஓரிரு தலைமுறையில் மலாய்க்காரர்களாக அறியப்பட்டார்கள்.

அந்தப் பழைய உலகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் முன்ஷி அப்துல்லாவைப் பார்க்க வேண்டும். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பாடநூல்கள் போற்றும் அப்துல்லா பின் அப்துல் காதிர், 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மலாக்காவில் பிறந்தவர். 1849இல் அச்சேறிய தம் வாழ்க்கை வரலாற்றில் குடும்பக் கதையை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். கொள்ளுப்பாட்டனார் யெமனிலிருந்து வந்த அரபியர். நாகூரில் தங்கி, ஓதிக்கொடுத்து, அங்கேயே மணம் முடித்தவர். அவருடைய பிள்ளைகள் கிழக்கே கப்பலேறினார்கள். மலாக்காவில் தங்கிய மகன் மணந்த பெண்ணின் பெயர் பெரி ஆச்சி. அந்தப் பாட்டியம்மா ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர்.

அப்துல்லாவைத் தகப்பனார் தமிழ் படிக்கவும் அனுப்பினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு படித்ததாக அவர் எழுதுகிறார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அக்காலத்து வழக்கம். கணக்கு வழக்கும் கொடுக்கல் வாங்கலும் அந்த மொழியில்தான் நடந்தன என்று காரணமும் சொல்கிறார். பிற்பாடு அவர் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்தார். கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்து, வேதாகம மொழிபெயர்ப்பில் உதவினார். ஊரார் அவரை ‘அப்துல்லா பாதிரி’ என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். ஆனாலும் ஹஜ் பயணத்தின்போதுதான், 1854இல், உயிர்விட்டார். மலாய் மொழி சிதைக்கப்படுவதைக் கண்டு வருந்தியவர், மலாய் அரசர்களின் கொடுங்கோலை அந்த மொழியிலேயே சாடியவர். மலாய்க்காரர்களைப் பற்றி எழுதும்போது சில இடங்களில் உள்ளே நின்று பேசுகிறார். சில இடங்களில் விலகி நின்று பார்க்கிறார். அவரை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்று அவர் காலத்தில் யாரும் கவலைப்படவில்லை. அந்தக் கவலை பின்னால் வந்தது.

அப்துல்லாவைப் போன்றோருக்கு, அதாவது தென்னிந்திய முஸ்லிம் தந்தைவழியும் உள்ளூர் மலாய்த் தாய்வழியும் கலந்த நகர மக்களுக்கு, ஜாவி பெரானாக்கான் அல்லது ஜாவி பெக்கான் என்று பெயர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய 19ஆம் நூற்றாண்டு நீரிணைக் குடியேற்றங்களின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களுக்கெனத் தனி வரிசையே இருந்தது. 1876இல் சிங்கப்பூரில் அவர்கள் தொடங்கிய ‘ஜாவி பெரானாக்கான்’ வார இதழ், மலாயாவில் அச்சான முதல் மலாய்ச் செய்தித்தாள். 1895 வரை வந்தது. மலாய்ப் பத்திரிகை உலகத்துக்குக் கால்கோள் நட்டவர்கள் பாதித் தமிழர்கள் என்பதைத் தமிழ் வாசகரும் அறிவதில்லை, மலாய் வாசகரும் நினைப்பதில்லை. அதே நகரத்தில் 1887இல் சி.கு. மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். ஒரே கடலோரத்துச் சமூகம் இரண்டு மொழிகளில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ‘ஆயிர மசலா’ என்ற கேள்வி பதில் நூலை வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் தமிழில் பாடினார். அதே கதையின் வடிவங்கள் மலாயிலும் சாவக மொழியிலும் உண்டு. மொழிக்கு மொழி தாவிய அந்த இஸ்லாத்துக்கு இனம் ஒரு வேலியாக இருந்ததில்லை.

வேலியை முதலில் போட்டது நிலச் சட்டம். இரப்பர் விலை ஏறிய காலத்தில் மலாய் விவசாயிகள் நிலங்களைத் தோட்ட முதலாளிகளுக்கும் வட்டிக் கடைகளுக்கும் இழந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கப் பிரிட்டிஷ் நிர்வாகம் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலத்தை மலாய்க்காரருக்கு மட்டும் விற்கலாம் என்றால், மலாய்க்காரர் யார் என்று எழுதியாக வேண்டுமல்லவா? மலாய இனம் எதையேனும் சேர்ந்தவராய், மலாயையோ அதன் இன மொழிகளில் ஒன்றையோ பேசுபவராய், முஸ்லிமாய் இருப்பவர் என்று எழுதினார்கள். பிற மாநிலங்களும் தத்தமக்கு ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டன. கெடாவிலும் பெர்லிசிலும் அரபு வம்சாவளியினரும் மலாய்க்காரரில் சேர்த்தி. ஆக, ஒரு மாநிலத்தில் ஒதுக்கீட்டு நிலம் வாங்கத் தகுதியுள்ள அரபுக் குடும்பத்துப் பிள்ளைக்கு, எல்லை தாண்டினால் அந்தத் தகுதி இல்லை. ஒரு மனிதர் மாநிலத்துக்கு மாநிலம் இனம் மாறுகிறார் என்றால், அங்கே வரையறுக்கப்படுவது மனிதரா, நிலமா?

அடுத்த இரு பதிற்றாண்டுகளில் சண்டை முஸ்லிம்களுக்குள்ளேயே வந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் முஸ்லிம்களின் பெயரால் அரசோடு பேசியவர்கள் பெரும்பாலும் பணக்கார அரபியரும் இந்திய முஸ்லிம்களுமே. அச்சகங்களும் அவர்களிடம் இருந்தன, வீடுகளும் அவர்களிடம் இருந்தன. வாடகைக்குக் குடியிருந்தவர் மலாய்க்காரர். 1926இல் முகமது யூனோஸ் அப்துல்லா தலைமையில் சிங்கப்பூர் மலாய்ச் சங்கம், மலாயில் கெசத்துவான் மெலாயு சிங்கப்பூரா, பிறந்தது. தீவுக்கூட்டத்துப் பூர்வகுடி மலாய் மக்களுக்கு மட்டுமே அதில் இடம். அரபியருக்கும் இந்திய முஸ்லிம்களுக்கும் இல்லை. 1939இல் வெளிவந்த ‘உத்துசான் மெலாயு’ நாளிதழும் மலாய்க்காரரின் பணத்தால், மலாய்க்காரரின் கையால் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்தோடு தொடங்கப்பட்டது. தமிழ் வழி வந்தவர்களை ‘டி.கே.கே.’ என்றும் அரபு வழி வந்தவர்களை ‘டி.கே.ஏ.’ என்றும் சுருக்கெழுத்தில் இகழும் வழக்கம் அப்போது பரவியது. முதலாவது, கெலிங் வம்ச இரத்தம் என்பதன் சுருக்கம். கெலிங் என்பது தென்னிந்தியரைக் குறித்த பழைய சொல், இன்று வசையாகவே கொள்ளப்படுவது.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சொந்த ஊரில் குடிக்கூலிக்காரராகிப்போன மக்களின் வேதனை அது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1930களின் மலாய் உணர்வுக்கு இஸ்லாம் போதுமான அடையாளமாக இல்லை. ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவர்களையே பிரித்துக் காட்ட அதற்கு இரத்தம் தேவைப்பட்டது. யூனோஸ் அப்துல்லாவின் குடும்பமோ சுமத்ராவின் மினாங்கபாவ் வணிகக் குடும்பம். கடல் கடந்து வந்தவர் என்ற அளவுகோலை நேர்மையாக வைத்தால் அவரும் வெளியூர்க்காரரே. தீவுக்கூட்டத்துக்குள்ளிருந்து வந்தவர் உள்ளூர்க்காரர், வங்கக் கடலைத் தாண்டி வந்தவர் அந்நியர் என்பது அன்றைய அரசியல் எடுத்த முடிவு.

இன்னொரு வழியும் அன்று திறந்திருந்தது. மலாயா வரலாற்றில் எனக்கு மிகவும் மனம் கனக்கும் பகுதி இது. 1946இல் வந்த மலாயன் யூனியன் திட்டம் எல்லா இனத்தாருக்கும் தாராளமாகக் குடியுரிமை தந்து, சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்தது. அதை எதிர்த்துத்தான் அம்னோ கட்சி உருவானது. பிரிட்டிஷார் பின்வாங்கி, அம்னோவோடும் சுல்தான்களோடும் அமர்ந்து வேறு ஓர் ஏற்பாட்டைத் தயாரித்தார்கள். அதில் இடம்பெறாத இடதுசாரி மலாய் அமைப்புகள் புத்ரா என்ற பெயரிலும், சீன இந்திய அமைப்புகள் அகில மலாயா கூட்டு நடவடிக்கை மன்றம் என்ற பெயரிலும் ஒன்றுசேர்ந்தன. மலாயா இந்தியக் காங்கிரசும் இந்தக் கூட்டில் இருந்தது. 1947இல் இவர்கள் ‘மக்கள் அரசியலமைப்பு’ என்று ஒரு வரைவை முன்வைத்தார்கள்.

அந்த வரைவின்படி மலாயாவின் குடிமக்கள் அத்தனை பேருக்கும் ‘மெலாயு’ என்பதே தேசியப் பெயர். சீனரும் தமிழரும் அந்தப் பெயரை ஏற்பார்கள். அந்தப் பெயருக்குச் சமயப் பொருள் எதுவும் இருக்காது என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். மலாய்த் தரப்பு தன் பெயரையே பொதுவுக்குக் கொடுத்தது. மற்றவர்கள் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். இரு தரப்புக்கும் அது சிறிய விட்டுக்கொடுத்தல் அல்ல. இதன் பின்னால் நின்ற புர்கானுதீன் அல்-ஹெல்மி சமயக் கல்வியில் தேர்ந்தவர், பின்னாளில் பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சிக்கே தலைமையேற்றவர். தம் மார்க்கத்தில் ஊன்றி நின்ற ஒருவருக்கு, மெலாயு என்ற தேசியத்தில் இந்துவும் பௌத்தரும் சேர்வது ஈமானுக்கு இழுக்காகத் தெரியவில்லை. 1947 அக்டோபர் 20ஆம் தேதி நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. காலனி அரசு அசையவில்லை. 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டரசு உடன்படிக்கையில், மொழி, சமயம், மரபு என்ற மூன்று நிபந்தனையோடு மலாய்க்காரர் வரையறுக்கப்பட்டார். 1957 அரசியலமைப்பு அதையே எடுத்துக்கொண்டது. 1948 உடன்படிக்கைக்குப் பின் சில மாதங்களில் அவசரகாலச் சட்டம் வந்து இடதுசாரி இயக்கங்கள் நசுக்கப்பட்டதால், 1947 வரைவைப் பற்றிப் பேசவும் நாதி இல்லாமல் போயிற்று.

இரத்தத்தைக் கேட்ட 1930களின் குரல் சட்டத்தில் ஏறவில்லை; சமயத்தைக் கேட்ட நிலச் சட்டத்தின் குரல் ஏறியது. இதனால் அரபியருக்கும் தமிழ் முஸ்லிமுக்கும் வழி மீண்டும் திறந்தது. விடுதலைக்குப் பிறகு, குறிப்பாக 1969 மே 13 இனக் கலவரத்தை அடுத்து 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு, அந்த வழியே போவதற்கான காரணங்களும் பெருகின. பல்கலைக்கழக இடம், அரசு வேலை, உரிமம், பங்குச் சந்தையில் பூமிபுத்ராக்களுக்கு (மண்ணின் மைந்தர் எனப்படும் மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடிகளுக்கும்) 30 விழுக்காட்டு இலக்கு, வீடு வாங்கும்போது தள்ளுபடி: இவை எல்லாம் அடையாள ஆவணத்தில் இருக்கும் ஒரு சொல்லைப் பொறுத்தவை. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜூடித் நகாத்தா 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். அரபு, இந்திய வழி வந்த முஸ்லிம்கள் ஓரிடத்தில் தம்மை மலாய்க்காரர் என்றும் வேறோர் இடத்தில் அரபியர் அல்லது இந்தியர் என்றும் சூழலுக்கேற்பச் சொல்லிக்கொள்வதை அவர் காட்டினார். அதில் வஞ்சகம் இல்லை. கல்யாணப் பேச்சு, வியாபாரம், பள்ளிவாசல் நிர்வாகம், அரசு அலுவலகம் என ஒவ்வோர் இடமும் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது. மனிதர் அந்தந்தக் கேள்விக்கு உண்மையான விடையைத்தான் தருகிறார்.

ஆனால் அரசு அலுவலகம் கேட்கும் கேள்விக்குத்தான் நிரந்தரப் பதிவு. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் நிற்கும் தர்காவும், தெருவுக்குத் தெரு இருக்கும் நாசி கண்டார் உணவுக் கடைகளும் தமிழ் முஸ்லிம்கள் விதைத்தவை. மரைக்காயர் என்ற குடிப்பெயர் மெரிக்கான் ஆகி, கெடாவிலும் பினாங்கிலும் மலாய்க் குடும்பப் பெயராகவே புழங்குகிறது. அந்த வீடுகள் பலவற்றில் இன்று பேச்சுமொழி மலாய். இதை அழிவு என்று மட்டும் சொல்ல நான் தயாரில்லை. கலப்பு மணத்திலும் அண்டை வீட்டு நட்பிலும் இயல்பாக நடந்த மாற்றம் அதில் பாதி. மறுபாதிதான் உறுத்துகிறது. மொழியையும் மரபையும் மாற்றிக்கொள்வதைச் சட்டமே நிபந்தனையாக வைத்து, அதன் மறுபக்கத்தில் பிள்ளையின் மேற்படிப்பை வைக்கும்போது, எந்தத் தகப்பனார் தமிழைத் தேர்ந்தெடுப்பார்?

தேர்ந்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்திய முஸ்லிம் என்றே பதிவு வைத்துக்கொண்டு, அதே நேரத்தில் பூமிபுத்ரா தகுதியும் வேண்டும் என்று கேட்பவர்கள். 1976இல் தோன்றிய கிம்மா என்னும் மலேசிய இந்திய முஸ்லிம் காங்கிரஸ், அம்னோவின் கதவைப் பலமுறை தட்டி, 2010இல் இணை உறுப்பு நிலையை அடைந்தது. 2017இல் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக், இந்திய முஸ்லிம்களின் பூமிபுத்ரா கோரிக்கை ஆராயப்படும் என்றார். இதற்கு மலாய் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. சமயம் ஒன்றாயிருந்தும் இனத் தகுதி கிடைப்பதில்லை என்ற 1930களின் குரல்தான் அது. மலேசிய இந்து, கிறிஸ்தவத் தமிழர்களுக்கும் அந்தக் கோரிக்கை கசந்தது. வறுமைக்கு மதம் இல்லையே என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வி.

உள்ளே வரும் கதை இது. வெளியேறும் கதை லீனா ஜாய் வழக்கு. மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய ஒரு பெண், அடையாள அட்டையில் பெயரை மாற்றிக்கொள்ள முடிந்தது. அதில் அச்சிட்டிருந்த ‘இஸ்லாம்’ என்ற சொல்லை நீக்க முடியவில்லை. ஷரியா நீதிமன்றத்திடமிருந்து விலகல் சான்று கொண்டுவரும்படி தேசியப் பதிவுத் துறை சொன்னது. சமயச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் 11ஆம் பிரிவை நம்பி அவர் வழக்குத் தொடுத்தார். 2001இல் உயர் நீதிமன்றம், மலாய்க்காரராகப் பிறந்தவர் சாகும்வரை இஸ்லாத்திலேயே இருக்கிறார் என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அதற்கு ஆதாரமாக 160ஆம் பிரிவைக் காட்டியது. 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றமும் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர் மனுவைத் தள்ளியது. மாறுபட்ட ஒரே நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும், முஸ்லிம்களிடம் மட்டும் இப்படிச் சான்று கேட்பது பாகுபாடு என்று எழுதினார்.

உயர் நீதிமன்றத்தின் தர்க்கத்தைத் தலைகீழ் என்றே சொல்வேன். முஸ்லிமாக இருப்பவர் மலாய்க்காரராகலாம் என்று விளக்கிய ஒரு பிரிவு, மலாய்க்காரராகப் பிறந்தவர் முஸ்லிமாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டளையாக அங்கே படிக்கப்பட்டது. தகுதியை விளக்கும் வாசகம் கடமையாகிவிட்டது. சட்டச் சலுகைக்காக ஏற்பட்ட ஒரு விளக்கம் மனிதரின் மனச்சான்றுக்குள் கைவைத்த இடம் அது.

மலாய் முஸ்லிம்கள் இதையெல்லாம் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைப்பது தவறு. இன உணர்வையும் மார்க்கத்தையும் கலப்பதை எதிர்த்த வலுவான குரல்கள் மார்க்கத்துக்குள்ளிருந்தே எழுந்தன. குலவெறியை இஸ்லாம் ‘அசபிய்யா’ என்று கண்டிக்கிறது. கிளந்தானின் முதல்வராக நெடுங்காலம் இருந்த பாஸ் கட்சியின் நிக் அசிஸ் இந்தச் சொல்லைக் கொண்டே அம்னோவை இடைவிடாமல் சாடினார். சீன முஸ்லிம்கள், முஸ்லிமாவதற்குச் சீனராயிருப்பதைக் கைவிட வேண்டியதில்லை என்று வாதாடி 1994இல் தனி அமைப்புக் கண்டார்கள். கிளந்தானின் ரந்தாவ் பஞ்சாங்கில் சீனக் கூரையோடு எழுப்பப்பட்ட பள்ளிவாசல் அந்த வாதத்துக்குக் கண்கண்ட வடிவம். 2005 இறுதியில் தீபகற்ப மலேசிய முஸ்லிம்களிடம் பாட்ரிசியா மார்ட்டினேஸ் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரே ஓர் அடையாளத்தைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, ஏறத்தாழ நான்கில் மூவர் முஸ்லிம் என்றார்கள். மலேசியர் என்றவர்களும் மலாய்க்காரர் என்றவர்களும் மிச்சக் கால்பங்கைப் பகிர்ந்துகொண்டார்கள். மக்கள் மனத்தில் இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டாம். ஆனால் கட்சி அரசியல் வேறு திசையில் போனது. 2018 டிசம்பரில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை எதிர்த்துக் கோலாலம்பூரில் பெருங்கூட்டம் திரண்டது. 2019 செப்டம்பரில், அரை நூற்றாண்டுப் போட்டியாளர்களான அம்னோவும் பாஸும் மலாய்–முஸ்லிம் ஒற்றுமையின் பெயரால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

எல்லைக்கு அப்பால் போனால் சமயத்துக்கும் இனத்துக்குமான இதே ஒட்டு வேறு விதமாகக் கையாளப்படுவதைக் காணலாம். 1909 ஆங்கில–சயாம் உடன்படிக்கைக்குப் பிறகு தாய்லாந்தில் தங்கிவிட்ட பத்தானி மலாய் மக்களை அந்நாட்டு அரசு ‘தாய் முஸ்லிம்’ என்று அழைக்கிறது. சமயத்தை ஒப்புக்கொள்கிறது, இனத்தை மறுக்கிறது. மலாய் மொழிக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் உரிமை கேட்டு 1947இல் ஏழு கோரிக்கைகளை வைத்த மார்க்க அறிஞர் ஹாஜி சூலோங், 1954இல் காவல் நிலையத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை. 2004 அக்டோபரில் தாக் பாயில் கைதானவர்களை இராணுவ வண்டிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனதில் 78 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். 2006இல் ஆனந்த் பன்யாராச்சுன் தலைமையிலான நல்லிணக்க ஆணையம், பத்தானி மலாயைப் பணி மொழியாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தபோது பாங்காக் அதையும் ஏற்கவில்லை. மலேசியாவில் சமயத்தை விட்டால் இனம் போய்விடும். பத்தானியில் சமயத்தை வைத்துக்கொண்டு இனத்தை விட்டுவிடு என்கிறார்கள்.

இலங்கையில் நடந்தது இன்னொன்று. டச்சுக்காரர்கள் நாடு கடத்திக் கொண்டுவந்த சாவக, மலாய்ப் பிரபுக்களும் படைவீரர்களுமே அங்குள்ள மலாய்ச் சமூகத்தின் வேர். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் அரபெழுத்து மலாயில் ஓர் இதழ் நடத்தினார். அவர்கள் பேசும் மலாய், தமிழைப் போல வினையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கிறது. ஆனால் சட்டசபை இடங்கள் சமூகவாரியாகப் பிரிக்கப்பட்டபோது மலாய்க்காரர், தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகரோடு முஸ்லிம் என்ற பொதுப் பெயருக்குள் வந்தார்கள். மலாய்க்காரரான டி.பி. ஜாயா அந்த முஸ்லிம்களின் தலைவரானார். சோனகரோ தாங்கள் தமிழர் அல்லர் என்று நிறுவ வேண்டியிருந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரை இனத்தால் தமிழர் என்று வாதிட்டதற்கு, ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். மலாயாவில் தமிழ் முஸ்லிம் மலாய்க்காரரானதும், இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் அரபு வம்சத்தை முன்னிறுத்தியதும் ஒரே நெருக்கடியின் இரு விளைவுகள். எந்தப் பெயரில் இடம் கிடைக்கிறதோ அந்தப் பெயர்தான் வாழ்கிறது.

சிங்கப்பூரின் அரசியலமைப்பு மலாய்ச் சமூகத்தவரை விளக்கும்போது சமயத்தைச் சொல்லவில்லை. மலாய் இனத்தவரானாலும் அல்லாவிட்டாலும், தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருதுபவரும் அச்சமூகத்தால் பொதுவாக அப்படி ஏற்றுக்கொள்ளப்படுபவருமே மலாய்ச் சமூகத்தவர். எழுத்தளவில் இது மலேசியாவின் விளக்கத்தைவிட மேலானது. மனச்சான்றை அது தொடுவதில்லை. 2017இல் அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டபோது இந்த விளக்கம் சோதனைக்கு வந்தது. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த ஹலிமா யாக்கோப், சமூகக் குழுவின் சான்று பெற்றுப் போட்டியின்றி அதிபரானார். அவர் போதுமான அளவு மலாய்க்காரரா என்று பொதுவெளியில் விவாதித்தார்கள். முன்ஷி அப்துல்லா பிறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் அதே கேள்வி.

சிங்கப்பூர் இந்தியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் முஸ்லிம். இனப் பதிவில் இந்தியர் என்றே இருப்பதால் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்க முடிகிறது, பலர் படிக்கிறார்கள். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, அந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சீறாப்புராணம் பாடியவரின் பெயர் தாங்கிய அந்தப் பள்ளியில்தான் தமிழ் கற்றார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் இன்றும் ஜும்ஆ உரை தமிழில் நடக்கிறது. அங்கே தொழ வருபவரிடம், முஸ்லிமாக இருக்க எந்த மொழியை விடப்போகிறாய் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் பூமிபுத்ரா தகுதிக்காக மனுக் கொடுப்பதில் எனக்குக் குறை காண மனமில்லை, பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். ஆனால் 160ஆம் பிரிவின் மூன்று நிபந்தனைகளும் அப்படியே இருக்க, பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதால் பதிவேட்டின் பக்கம்தான் கூடும். உதவி தேவைப்படும் குடும்பத்துக்கு அதன் வருமானத்தைப் பார்த்து உதவுவதும், அடையாள அட்டையில் சமயத்தை அச்சிடாமல் விடுவதும் நாடாளுமன்றத்தால் ஆகிற காரியங்கள்.